ஓடாமல் உட்கார்ந்திருப்பது

1

நாங்கள் ஆக்லாந்துக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. வருடா வருடம் அந்த நாளில் என் மனைவி மகேஸ்வரி கறிக்குழம்பு வைப்பாள். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஊரை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி படுத்துக்கொள்வேன். எங்கள் கொண்டாட்டம் அவ்வளவுதான். இந்த வருடம் அந்த நாளில் குடோன் சூப்பர்வைசரின் அறையில் உட்கார்ந்து, நான் சாகாமல் தப்பித்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகேஸ்வரி நர்ஸ். அவள் வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் மகள் யாழினியும் இந்த நாட்டுக்குள் வந்தோம். நான் ஒரு பழக் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்கள், பின்னால் எடைக்காக ஒரு பெரிய இரும்புக் கட்டி, நடுவில் ஒரு சீட்டு, தலைக்கு மேலே கம்பிக் கூரை. கிவிப் பழப் பெட்டிகளை மரப்பலகையோடு தூக்கிக் கொண்டுபோய் அடுக்க வேண்டும். சொகுசான வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தியதில்லை.

அன்றைக்கு மழை. லோடைக் கொஞ்சம் உயரத்தில் வைத்தபடியே முற்றத்தில் வண்டியைத் திருப்பினேன். உடைந்துபோன சாக்கடை மூடியில் பின்சக்கரம் இறங்கியது. மேலே இருந்த பெட்டிகள் டமார் என்று சரிந்தன. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. அதற்குள் என் கட்டைவிரல் சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட்டது, நான் குதித்துவிட்டேன். வண்டி ஒரு நொடி ஒற்றைக் காலில் நின்று யோசித்துவிட்டு, மறுபடியும் நாலு சக்கரத்தில் உட்கார்ந்துகொண்டது.

சூப்பர்வைசர் சியோனே டோங்கா தீவுக்காரர். பனைமரம் மாதிரி ஆள். அவர் பேசிய இங்கிலீஷை நம் தமிழில் தருகிறேன். படத்தை நிறுத்திவிட்டு, திரையில் என் தலைமேல் விரலை வைத்தார். பிறகு வண்டியின் கூரைக் கம்பிமேல் வைத்தார். "வண்டி முழுசாகச் சாய்ந்திருந்தால் இது இங்கே வந்திருக்கும். நீ குதித்த இடத்துக்கு."

சாய்கிற ஃபோர்க்லிஃப்டிலிருந்து குதிக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் பாடம் அது. குதிக்கிற பக்கமாகத்தான் அதுவும் விழும். ஆளை நசுக்குவது வண்டியின் கூரைதான். அதனால் பெல்ட்டைப் போட்டபடியே இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றி, சாய்வதற்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து, உட்கார்ந்தே இருக்க வேண்டும். மூன்று தடவை பரீட்சை எழுதியிருக்கிறேன். மூன்று தடவையும் இதைச் சரியாக எழுதியிருக்கிறேன்.

"பிறகு ஏன் குதித்தாய்?" என்றார் சியோனே.

பாதுகாப்பு அதிகாரியம்மாவும் அதையேதான் கேட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் காரணங்கள் வரிசையாக இருந்தன: அவசரம், கவனக்குறைவு, களைப்பு, மற்றவை. நான் 'மற்றவை' என்றேன். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். சிவகாசியை அதற்குள் எழுத எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே 'களைப்பு' என்று போட்டுக்கொண்டார். தூக்கம் வரவில்லையென்றால் அழைக்கச் சொல்லி ஒரு போன் நம்பரும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சியோனே என் தோளில் கை வைத்தார். "தாள் பரீட்சையில் நீ தேறிவிடுவாய். எனக்கு அது போதாது. உன் உடம்பு கேட்கிற வரைக்கும் உன்னை வண்டியில் ஏற்றமாட்டேன். உன் மனைவி முன்னால் போய் நின்று கெட்ட செய்தி சொல்ல என்னால் ஆகாது."

ஒரு மாதம் கெடு. அதுவரைக்கும் பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றுகிற வேலை. அதற்கு மேலும் உடம்பு கேட்காவிட்டால், வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2

ஏன் குதித்தேன் என்பது எனக்குத் தெரியும். சிவகாசியில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு வெடி ஆபீஸில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், இரண்டு சீசன் வேலை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபது வயது. என் அக்கா முத்துலட்சுமி அதற்கும் முன்னாலிருந்து அங்கே இருந்தாள். இன்றைக்கும் அதே ஆபீஸில்தான் தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைக்கிறாள்.

மருந்து ரூம் என்பது தனித்தனியாக, தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறை. ஓர் அறைக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு வாசல். காலையில் உள்ளே போனதும் யாரும் வேலையைத் தொடமாட்டார்கள். முதலில் அவரவர் வாசலைப் பிடித்துக்கொள்வார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, தன் வாசல் வழியாக வெளியே வேப்பமரம் வரை ஒரு நடை போய்விட்டு வருவார்கள். வாசலில் செருப்புக் கிடக்கக் கூடாது, தூக்குவாளி இருக்கக் கூடாது. ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே ரூமில் உட்காரக் கூடாது என்று எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. சத்தம் கேட்டால் ஒருவரை ஒருவர் தேடி நின்றுவிடுவார்கள் அல்லவா. அதனால் அக்கா ஒரு ரூம், நான் அடுத்த ரூம்.

முதல் நாள் வேனில் போகும்போது அக்கா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "ஏலே, சத்தம் கேட்டா என்ன ஏதுன்னு பாக்காத. என்னையத் தேடாத. எந்திரி, ஓடு. அம்புட்டுத்தான்."

ஒரு நாள் சத்தம் கேட்டது. எங்கள் ஆபீஸ் இல்லை, தள்ளியிருந்த வேறொன்று. அங்கே என்ன ஆனது என்பதை நான் எழுதப்போவதில்லை. கேட்ட மறுநொடி கருவேலங்காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எழுந்ததும் வாசலைத் தாண்டியதும் ஞாபகத்திலேயே இல்லை. காட்டுக்குள் வெகுதூரம் போய் நின்றபோது, மரத்துக்கு மரம் ஆட்கள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கண்டுபிடித்தாள். முகமெல்லாம் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள், அதில் வியர்வை வழிந்த கோடுகள்.

"ஓடுனியா?"

"ஓடுனேன்க்கா."

அவள் சிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகத்தாலேயே முள் எடுத்தாள். ஒரு முள்ளுக்கு ஒரு ஏச்சு. இங்கே மழைநாளில் தனியாக பஸ்ஸுக்கு நிற்கும்போது, வேறெதையும்விட அந்த நகம்தான் நினைவுக்கு வருகிறது. ஒன்பது வருடத்தில் இரண்டு தடவைதான் ஊருக்குப் போய்வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் அவளுக்கு சீசன் நேரம். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய பிறகுதான் அவள் முகத்தைப் பார்க்கவே முடிந்தது.

குதித்த செய்தியை அவளிடம் போனில் சொன்னபோது அவளுக்கு வந்தது சந்தோஷம். "குதிச்சிட்டயா? நல்லதுலே. எங்கன போனாலும் பழக்கம் விட்டுப்போகல பாரு."

அங்கே உயிரைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே உயிரை எடுத்துவிடும் என்று அவளுக்குப் புரியவைக்க, இரண்டு நாள் மதிய இடைவேளை ஆனது.

3

யாழினிக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். அவசரத்துக்கு மட்டும் தமிழ் வரும். அதுவும் மரியாதையும் மரியாதைக் குறைவும் கலந்து வரும். போனில், "அத்தை, நீ சாப்பிட்டீங்களா?" என்பாள். அக்காவுக்கு அது பெரிய வேடிக்கை. "சாப்பிட்டேங்க தாயி, நீ சாப்பிட்டீகளா?" என்று அதே பாணியில் திருப்பிக் கேட்பாள்.

பூகம்ப நாடு இது. பள்ளிக்கூடத்தில் மாதாமாதம் ஒத்திகை நடக்கும். பெற்றோர் போகிற நாளொன்றில் நானும் பார்த்தேன். டீச்சர் கை தட்டியதும் அத்தனை பிள்ளைகளும் மேசைக்கு அடியில் புகுந்து, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் கிடந்தார்கள். வகுப்பில் கதவு திறந்துதான் இருந்தது. ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து, "கதவு பக்கத்துலதானே உக்காந்திருந்த, வெளிய ஓட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பாவமான பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஓடுறவங்க மேலதான்ப்பா எல்லாம் விழும்."

கல்யாண வீட்டிலும் ஹோட்டலிலும் நான் ஏன் கதவோரத்து நாற்காலியையே தேடுகிறேன் என்று அவள் பலதடவை கேட்டிருக்கிறாள். காற்று வரும் என்று சொல்லிவைத்திருந்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். விஸ்வநத்தம், மருந்து ரூம், வாசல், முள், வண்டியிலிருந்து குதித்தது எல்லாவற்றையும். கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு வெகுநாள் ஆகிறது.

நாற்காலிப் பயிற்சி அவள் யோசனைதான். சமையலறை நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங் என்று கொடுத்தாள். சுற்றிலும் தலையணைகளை அடுக்கினாள். நான் எதிர்பார்க்காத நேரத்தில் மகேஸ்வரி ஒரு பாத்திரத்தைத் தரையில் போடுவாள். அதே நேரத்தில் யாழினி நாற்காலியை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். நான் தட்டைப் பிடித்து உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

முதல் தடவை ஹாலில் போய் நின்றேன். இரண்டாவது தடவை வாசலில். மூன்றாவது தடவை தட்டோடு தோட்டத்தில் நின்றேன்; பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், கையை ஆட்டினார். தாயும் மகளும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு வாரம் கழித்தும் தோட்டத்திலேயே போய் நின்றபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"நாங்க சொல்றது உங்க காதுல விழுறதுக்கு முன்னாடி கால் போயிருதுங்க," என்றாள் மகேஸ்வரி. சற்று யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "ஓடச் சொன்னவுக சொன்னாத்தான் உங்க காலு கேக்கும்."

4

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மதியம், அக்காவுக்குக் காலை. போனைச் சமையல் மேடையில் சாய்த்துவைத்தோம். திரையில் அக்கா, தலைக்குக் குளித்து ஈரத்துண்டு கட்டியிருந்தாள்.

"மதினி, நீங்களே அவுகள ஒரு சத்தம் போடுங்க," என்றாள் மகேஸ்வரி.

"என்னத்தச் சொல்லணும்?"

"உக்காருன்னு சொல்லணும். ஓடாதன்னு."

அக்காவுக்கு வாய் வரவில்லை. "சனியன், இதையப் போயா சொல்லணும்?" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டாள். பாத்திரம் விழுந்தது, நாற்காலி சாய்ந்தது, நான் பாதி எழுந்துவிட்டேன்.

"ஏலே, உக்காருலே. ஓடாத. பிடிய விடாத."

கால் நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. நாற்காலியோடு தலையணைமேல் சாய்ந்து கிடந்தேன். தட்டு கையில்தான் இருந்தது. யாழினி கை தட்டினாள். மகேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரையில் அக்கா மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்தோம். ஒவ்வொரு தடவையும் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினாள். உட்கார்ந்த இடத்திலேயே தரையைப் பிடித்துக்கொண்டு, நான் சாய்கிற பக்கத்துக்கு எதிராக அவளும் சாய்ந்து சாய்ந்து கத்துவாள். யாழினி அதைப் பதிவு செய்து, இடைப்பட்ட நாட்களில் போட்டுக் காட்டிப் பழக்கினாள். அத்தையின் குரலைக் கேட்டுக் கேட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவளே ஒரு நாள், "ஏலே, பிடிய விடாத," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். மரியாதை குறைந்ததற்கு மகேஸ்வரி ஏசினாள். எனக்கோ, ஒன்பது வருடமாக வீட்டுக்குள் வராத ஒன்று வந்துவிட்டதுபோல இருந்தது.

5

மறுபரீட்சையில் தேறினேன். அது பெரிய விஷயம் இல்லை. வெளியிலிருந்து வந்த பரீட்சைக்காரர் கேள்வி கேட்டார், ஓட்டச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். உடம்பைப் பற்றி அவர் எதையும் கேட்கவில்லை. சியோனே தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்; நாற்காலிப் பயிற்சியின் கதையை முன்பே கேட்டிருந்ததால், சாவியை என் கையில் கொடுத்தார். சாக்கடை மூடியை மாற்றியிருந்தார்கள். முற்றத்தில் திருப்பும் இடத்தில் மஞ்சள் கோடு போட்டு, லோடைத் தாழ்த்திய பிறகே திருப்ப வேண்டும் என்று பலகையும் வைத்திருந்தார்கள். நான் குதித்ததால் எழுதிய பலகை அது.

வண்டிக்குத் திரும்பி ஒரு வாரத்துக்குள், ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசலில் நின்ற லாரி ஒன்றின் டயர் வெடித்தது.

ஊரை விட்ட பிறகு அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. குடோன் தகரம் அதிர்ந்தது. பெட்டி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் குனிந்தார்கள், ஒருவர் ஓடினார். நான் வண்டியின் கரத்தில் முழு லோடோடு சீட்டில் இருந்தேன். கீழே பார்த்தால் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. பெல்ட் மாட்டியபடியே இருந்தது. கால் இரண்டும் ஊன்றியிருந்தன. அக்காவின் குரல் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து சியோனே கையை உயர்த்திக் காட்டினார்.

நான் சிரித்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. மதுரையில் விமானம் ஏறும்போது அழவில்லை. இங்கே குடியுரிமை வாங்கிய அன்றைக்குக்கூட அழவில்லை. அவ்வளவு பெரிய சத்தம் கேட்டும் கால் பேசாமல் இருந்ததைப் பார்த்தபோதுதான், ஊரைவிட்டு வந்துவிட்டேன் என்று தெரிந்தது. லோடை இறக்கி வைத்துவிட்டு, வண்டியை அணைத்து, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

6

எங்கள் மதிய இடைவேளையில் ஊரில் பொழுது விடிந்திருக்கும். அக்கா தெருமுனையில் வேனுக்கு நிற்கிற நேரம். பேசுகிற நாளெல்லாம் அந்த நேரத்தில்தான் பேசிக்கொள்வோம். சாப்பாட்டு அறையில் சோற்று டப்பாவைத் திறக்காமலே போன் போட்டேன்.

"அக்கா, இன்னைக்கு இங்க டயரு வெடிச்சுச்சு. நான் அசையல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். கையி பிடிச்ச பிடி விடல."

"நல்லாருலே. உன் பொண்டாட்டி பிள்ளைக்கு அந்த மட்டுக்கும் நிம்மதி."

குரலில் ஈரம் இல்லை. பின்னால் தெருச் சத்தமும் இல்லை. வேன் ஹாரன் மட்டும் எங்கோ தூரத்தில் அடித்தது, மறுபடியும் அடித்தது, அப்புறம் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"வேனு போகுது போலயே? நீ போகலயா?"

"போகல. நேத்தும் போகல."

"மேலுக்குச் சொகமில்லையா?"

அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"புதன்கெழம எங்க ரூமுக்கு வெளிய எவளோ தண்ணி வாளியக் கீழ போட்டுட்டா. டம்முன்னு சத்தம். மத்த மூணு பேரும் எந்திரிச்சு வெளிய போயிட்டாளுக. நான் தரையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்லே."

நான் சோற்று டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

"வெறும் வாளி. அதனால நான் உன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். அவளுக வந்து பாத்துட்டு, என்ன மதினி, என்ன செய்யுதுன்னு கேக்காளுக. எனக்கு வாயே வரல. உன்னைய உக்காரு உக்காருன்னு கத்திக் கத்தி, அது என் காலுக்குள்ள எறங்கிருச்சு."

"அந்த வேலையே வேணாம்க்கா. விட்டுரு. நான் இருக்கேன்ல."

"எம்புட்டுத் தடவலே இதையே சொல்லுவ? வீட்டுல கெடந்து நான் என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்சது அந்த வேலைதான். என் சேக்காளிக எல்லாம் அங்கனதான் இருக்காளுக." அவள் குரல் உடைந்தது. "அந்தப் பிள்ள பிடிச்சு வச்சிருக்கில்ல என் சத்தத்த, அத அழிக்கச் சொல்லு. அப்பறம், நீதான எனக்குள்ள இதப் போட்ட. நீயே எடு."

"எப்படிக்கா?"

"சொல்லு. நான் உனக்குச் சொன்னத நீ எனக்குச் சொல்லு."

சாப்பாட்டு அறையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஓடுக்கா," என்றேன்.

"கேக்கல."

"ஓடுக்கா."

"நீ பூனை மாதிரி சொன்னா என் காலுக்குக் கேக்குமாலே?"

எழுந்து நின்றேன். "ஓடுக்கா, ஓடு. என்ன ஏதுன்னு பாக்காத. யாரையும் தேடாத. எந்திரி, ஓடு." பேச்சுச் சத்தம் அடங்கி எல்லாரும் திரும்பினார்கள். சியோனே கையில் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். நான் நிறுத்தவில்லை. தொண்டை கிழிகிற மாதிரி, மறுபடியும் மறுபடியும் கத்தினேன்.

அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்தது. கதவு சுவரில் அடித்தது. பிறகு செருப்பில்லாத கால் ஓடுகிற சத்தம், கோழிகள் பறக்கிற சத்தம், பக்கத்து வீட்டுக்காரியின் குரல்: "என்ன மதினி, காலங்காத்தால இப்பிடி ஓடுறீக?"

"எந்தம்பி வெரட்டுதான்," என்றாள் அக்கா. அவளுக்கு மூச்சு வாங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று கடல் தாண்டி எனக்குத் தெரியவில்லை. "போதும்லே, நிப்பாட்டு. காலு வந்திருச்சு. நாளைக்கு வேனுக்குப் போயிருவேன்."

போன் நின்றது. நான் நின்றுகொண்டேயிருந்தேன். அந்த வேனில் அவள் ஏறக் கூடாது என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான். சியோனே பக்கத்தில் வந்து, ஊரில் எல்லாரும் நலமா என்று கேட்டார்.

"நலம்தான்," என்றேன். "அக்கா நாளைக்கு வேலைக்குப் போகிறாள்."